மூன்றாம் ஓலை

போன மாதம் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் கணவர் மாநகராட்சியில் லாரி ஓட்டுகிறவர். மூன்று வாரமாகக் கைகால் அசையாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எனக்கு வந்த அதே நோய். அதிலிருந்து பிழைத்து எழுந்தவள் ஒருத்தி சிவாஜிநகர் பக்கம் இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எப்பக்கா எழுந்திருப்பாரு?"

"ஆண்டவர் பார்த்துப்பாரும்மா" என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் வெட்கமாகிவிட்டது. என்னிடம் இதையே ஊரெல்லாம் சொன்னபோது சொன்னவர்களைக் கடித்து வைக்கலாமா என்று இருந்தது எனக்கு. அவள் போன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் பொறுமைசாலி இல்லை. கார்மென்ட்ஸில் காலர் தைக்கிற மெஷினில் இருந்தேன். என் லைனில் என் கைக்கு ஈடு கொடுக்க ஆள் கிடையாது. வீட்டில் சோறு வேகும்வரை அடுப்பு முன்னால் நிற்க மாட்டேன், அரை வேக்காட்டில் வடித்துவிடுவேன். பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் நடக்க ஆரம்பித்துவிடுவேன். அம்மா நான் பள்ளிக்கூடம் போகிற நாளிலேயே இறந்துவிட்டார். அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா செலின் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தாள்.

எனக்கு இருபத்தெட்டு வயதாகும்போது ஜெரோம் அமைந்தார். அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அதிகம் பேசாதவர். 1996 மே மாதம், ஒரு புதன்கிழமை, கல்யாணம் என்று முடிவாயிற்று.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் முடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் எல்லார் முன்னும் அறிவிப்பது. முதல் ஓலைக்கு முந்தின வாரம் எனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. நாலு நாளில் நின்றது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு காலையிலிருந்தே பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பூசையில் எல்லாரும் முழங்கால் போட்டோம். எல்லாரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை.

"எழுந்திருடி, எல்லாரும் பாக்கறாங்க" என்று அக்கா இடுப்பில் கிள்ளினாள்.

முன் பெஞ்சைப் பிடித்துத் தொங்கி எழுந்தேன். கல்யாணப் பொண்ணுக்கு இன்னா பக்தி பாரு என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

திங்கட்கிழமை பஸ் படியில் வலது கால் ஏறவில்லை. கையால் பாவாடையோடு சேர்த்துக் காலைத் தூக்கி வைத்தேன். "பேக ஹத்தம்மா!" என்று கண்டக்டர் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கத்தினார். அன்று சாயங்காலம் கிளினிக்கில், கல்யாணக் கவலை, சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று சொல்லி ஒரு சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை காலை தலை வாரும்போது சீப்பு கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன், விழுந்தது. மூன்றாம் முறை எடுக்க விரல் மடங்கவில்லை. அப்பா ஆட்டோ பிடித்து வந்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்தார்.

நரம்பு நோய்க்கென்று இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், நடைபாதையில் நீளமான மர பெஞ்சு. அதில் அக்கா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடிக்கடி ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள், அது என் பெயராக இல்லை. "போய்க் கேளு, போய்க் கேளு" என்று அக்காவைப் பிடுங்கி எடுத்தேன். எனக்கு அப்போதும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்ற நினைப்புதான்.

டாக்டர் ஷைலஜா சின்ன வயதுப் பெண். கன்னடம் கலந்த தமிழ். சின்ன ரப்பர் சுத்தியலால் என் முட்டிக்குக் கீழே தட்டினார். நல்ல கால் என்றால் துள்ள வேண்டும். என் கால் கட்டை மாதிரி கிடந்தது. பிறகு இரண்டு பரிசோதனை. ஒன்றில் இறால் மாதிரி சுருண்டு படுக்க வைத்து முதுகெலும்புக்கு நடுவில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். இன்னொன்றில் கைகாலில் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து, நரம்பில் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். என்னுடையதில் ஓடவில்லை. தவழ்ந்தது.

"இதுக்குப் பேரு கில்லன் பாரே. ஜி.பி.எஸ்.ன்னு சொல்லுவோம்" என்றார் டாக்டர். "கரண்ட் வயர் மேல ரப்பர் இருக்குதல்ல, அந்த மாதிரி நரம்பு மேல ஒரு உறை இருக்குது. வயித்துல வந்த கிருமியை அடிக்கப் போன உங்க உடம்பு, தப்பா அந்த உறையைப் போய் அடிக்குது. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும்."

"எது வரைக்கும் டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"அது சொல்ல ஆகாது."

"எப்ப சரியாகும்?" இது நான்.

"பெரும்பாலும் சரியாகும். எப்போன்னு சொல்ல ஆகாது. வெயிட் பண்ணணும்."

ஊசி போடுங்கள், அறுத்து எடுங்கள், எதையாவது செய்யுங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. சும்மா இரு என்பதா வைத்தியம்?

அன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள். நெஞ்சுத் தசைக்கு நோய் ஏறிவிட்டதா என்று பார்க்க அதுதான் வழி. முதல் நாள் முப்பத்தொன்று வரை எண்ணினேன். புதன் காலை இருபத்திரண்டு. சாயங்காலம் பதினாலு. வியாழக்கிழமை ஒன்பதில் நின்றுவிட்டது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். "பயப்படாதீங்க, உங்களுக்காக மெஷின் மூச்சு விடும்" என்று டாக்டர் சொன்னார். வாய் வழியாகக் குழாய் இறங்கியது. அத்தோடு பேச்சு போயிற்று.

மயக்கமாகக் கிடந்திருப்பாள், ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இந்த நோயில் புத்தி முழுசாக விழித்திருக்கும். எல்லாம் கேட்கும். கால் வலிக்கும். மூக்கு அரிக்கும். விளக்கு அணைவதே இல்லை, இரவா பகலா தெரியாது. அசைந்தது இமை மட்டும்தான். மனசு மட்டும் அறையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். எழுத்தெழுத்தாக விரல் வைப்பாள், நான் இமை மூட வேண்டும். நம் மொழியில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. "மூக்கு" என்று சொல்வதற்குள் மூக்கே போய்விடும். மறுநாள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அட்டை செய்தாள். அரிக்குது, வலிக்குது, திருப்பு, சளி, தண்ணி, பயம், வேணும், வேணாம் என்று வரிசையாகச் சொற்கள். "பயம்" என்று ஒரு சொல்லை எழுத வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ!

சனிக்கிழமை ஜெரோம் வந்தார். கூடவே அவருடைய அம்மா. அந்த அம்மா உள்ளே வந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெளியே டாக்டரை நிறுத்தி, "இவ எழுந்து நடந்தாலும் புள்ளகிள்ள பெத்துக்குவாளா?" என்று கேட்டாராம். அக்கா பிறகு சொன்னாள்.

ஜெரோம் கட்டிலருகே குனிந்தார். "நாளைக்கு மூணாவது ஓலை. வாசிக்கட்டுமான்னு சாமியார் கேட்டு அனுப்பியிருக்காரு. வாசிக்கச் சொல்லட்டா ரோஸி?"

அக்கா அட்டையைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து விரல் வைத்துக்கொண்டே வந்தாள். "வேணாம்" என்ற இடத்தில் நான் கண்ணை மூடினேன். தப்பு என்று நினைத்து அவள் மறுபடி மேலிருந்து வந்தாள். மறுபடி அதே இடத்தில் மூடினேன். மூடிய இமையிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை.

எழுவேனா என்றே தெரியாத ஒருத்திக்கு ஒரு மனிதரைக் கட்டிப் போடக் கூடாது என்று நினைத்தேன். கோபமும் இருந்தது. நீர் குறித்த நேரம் இதுதானா என்று ஆண்டவரிடம்.

ஜெரோம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். "சரி. எத்தினி வருசம் ஆனாலும் இருப்பேன்னு சொன்னா அது சினிமா. எனக்கே தெரியாததை உனக்கு எப்படிச் சொல்றது? அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். அது தெரியும்."

அந்த ஞாயிறு வந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். என் ரத்தத்திலிருந்து மஞ்சள் நீரைப் பிரித்து எறிந்துவிட்டு வேறு நீர் ஏற்றுகிற சிகிச்சை ஐந்து தடவை நடந்தது. உறையை அடிக்கிற கெட்ட பொருள் அந்த நீரில்தான் இருக்குமாம். அதற்கு ரத்தம் கொடுக்க ஜெரோம் தன்னோடு வேலை செய்கிற நாலு பேரை அழைத்து வந்தார். அதில் ஒருவருக்கு ஊசி என்றால் மயக்கம். மயங்கி விழுந்து எழுந்து கொடுத்தாராம்.

கல்யாணம் என்று குறித்த புதன்கிழமையும் வந்தது. ஜெரோம் காலையிலேயே வந்துவிட்டார். "லீவு போட்டது போட்டாச்சு. கேன்சல் பண்ண மனசு வரல" என்றார். பார்வையாளர் நேரம் பத்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலம் பஸ் ஏறினார்.

அப்பா தினமும் வந்தார். செபமாலை சொல்லுவார், பிறகு "எல்லாத்துக்கும் அவருக்கு ஒரு நேரம் இருக்கும்மா" என்பார். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஒருநாள் டாக்டரிடம், "உறை வளர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். "நகம் வளர்ற ஸ்பீடுதான்னு வெச்சிக்குங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வாரம் ஒரு தடவை அப்பா நகவெட்டி கொண்டுவந்தார். என் விரல் ஒவ்வொன்றையும் பிடித்து நிதானமாக வெட்டி, அந்தத் துண்டை என் கண்ணுக்கு நேரே காட்டுவார்.

"பாரு, இவ்ளோ வளந்திருக்கு. உள்ளயும் இவ்ளோ வளந்திருக்கும்."

அது ஒன்றைத்தான் நான் நம்பினேன். மற்ற ஆறுதல் எதையும் நம்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து வாய்க் குழாயை எடுத்துவிட்டுத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். ஐந்தாவது வாரம் இயந்திரம் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. வார்டுக்கு மாற்றினார்கள். தோள் ஒரு நூல் அசைந்தது. டாக்டர் கை தட்டினார். எனக்கு எரிச்சல்தான். ஒரு நூலா?

அப்போதுதான் ஜெரோம் வரவில்லை. ஒரு ஞாயிறு. சரி, ஓவர்டைம் இருக்கும். இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வேறு ஏதேதோ பேசினார். மூன்றாவது ஞாயிறு அக்கா என் முகத்தையே பார்க்கவில்லை. வார்டு கதவு கிரீச்சிடும்போதெல்லாம் கண்ணை அங்கே கொண்டுபோனேன். வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். இருந்தாலும் நெஞ்சு கொதித்தது.

நாலாவது ஞாயிறு வந்து நின்றார். சட்டையில் பஸ் புழுதி.

அந்த வாரம்தான் என்னைப் பேசப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். தொண்டைத் துளையை விரலால் மூடினால் மூச்சு மேலே ஏறிக் குரல் வரும். எனக்குக் கை எழாது. அதனால் அன்னம்மா சிஸ்டர்தான் என் கழுத்தில் விரல் வைத்து மூட வேண்டும். கேரளத்துக்காரர், கண்டிப்பானவர். நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் வந்து விரலை வைத்தார்.

"எங்க போனீங்க?"

தகரத்தைச் சுரண்டுகிற குரல். ஜெரோம் என் குரலைக் கேட்டு இரண்டு மாதமாகியிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு பாக்கப் போனேன்" என்றார். "கோலார்ல. அம்மா சோறு தண்ணி இல்லாம அழுதாங்க. போனேன். காபி குடுத்தாங்க, குடிச்சேன். வந்துட்டேன். அப்புறம் ரெண்டு வாரம் உன் மொகத்துல முழிக்க வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா? எனக்கு... நான் இங்க... கதவையே... மூணு ஞாயிறு... காபியா குடிச்சீங்க, காபி..."

மூச்சு வாங்கியது. நிறுத்த முடியவில்லை. இரண்டு மாதம் தேக்கி வைத்ததெல்லாம், அவர் செய்யாததும் சேர்த்து, அவர் தலையில் கொட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். நடுவில் ஒரு வசவில் சிஸ்டர் சட்டென்று விரலை எடுத்தார். என் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை.

"மதி, மதி. போதும். பாக்கி நாளைக்கு" என்றார் சிஸ்டர்.

முதலில் சிரித்தது ஜெரோம்தான். சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் சிரிப்பு வந்து, தொண்டைக் குழாய் வழியாகப் புஸ் புஸ் என்று காற்று போனது.

அன்று ராத்திரி மனசுக்குள் செபம் சொன்னேன். அழகான செபம் இல்லை. "உம்ம நேரம் எனக்குத் தெரியல. எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் கண்ணு தெரியுது. அதுவரைக்கும் என்னைப் பிடிச்சுக்கும்" என்று மட்டும். காத்திருப்பது என்றால் அமைதியாகக் கிடப்பது என்று கோவிலில் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு ஒருநாளும் அமைதி வரவில்லை. துடித்துக்கொண்டேதான் கிடந்தேன். அதையும் அவர் காத்திருப்பு என்று கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பார் போல.

செப்டம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்தேன். கை முன்னால் வந்தது, கால் பின்னால். வாக்கரைத் தள்ளிக்கொண்டு சமையலறை வரை போவேன். முன்பாதம் தொங்கும், அதற்குப் பிளாஸ்டிக் பட்டை. காலர் தைக்கிற வேகம் திரும்பி வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஜெரோம் ஞாயிறு தோறும் வந்தார். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவர் அம்மா தனியாக வந்தார். அப்பாவிடம் நலம் விசாரித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோலாருக்கு இட்டுக்கினு போனது நான்தாம்மா. உன்னப் புடிக்காம இல்ல. பயந்துட்டேன். எனக்கப்புறம் எம்மவன் ஒண்டியா உன்னையும் தூக்கிக்கினு அல்லாடுவானேன்னு. திரும்பி வர்றப்ப பஸ்ல ஒரு வார்த்த பேசல அவன். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு." மூக்கை உறிஞ்சினார். "ஜனவரியில முடிச்சுடலாமா?"

"முழுசா சரியாகட்டும் அத்தை" என்றேன். "வாக்கர் இல்லாம நடக்கறேன், அப்புறம்..."

"முழுசா எப்ப சரியாகும்?"

"தெரியல."

"தெரியாததுக்கு எத்தினி நாள் காத்துக்கினு இருப்பே?"

எட்டு மாதமாக எப்போ, எப்போ என்று எல்லாரையும் அரித்தவள் நான். நேரம் வந்து வாசலில் நின்றபோது, இப்போ வேண்டாம் என்கிறேன். அப்பா உள்ளேயிருந்து சத்தமாகச் சிரித்தார். ஆஸ்பத்திரி நாட்களுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

பழைய ஓலை செல்லாது, முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். மூன்று ஞாயிறும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். மூன்றாவதையும் வாசித்து முடித்தார். தடை சொல்ல யாராவது எழுந்துவிடுவார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் எழவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கல்யாணம். பூசை முழுக்க உட்கார்ந்தே இருக்கலாம் என்று பீடத்துக்கு முன்னால் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வாக்குக் கொடுக்கும்போது மட்டும் நிற்கிறேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அக்கா பின்னால் நின்று சேலைக்குள் கைவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நலத்திலும் நோயிலும் கூட இருப்பேன் என்று அந்த வாக்கில் ஒரு இடம் வரும். அந்த இடத்தில் ஜெரோம் என் கையை அழுத்திப் பிடித்தார். நானும் தடுக்காமல் சொன்னேன். முட்டி இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

சாமியார் எங்கள் கைமேல் தண்ணீர் தெளித்தார். பாடல் ஆரம்பித்தது.

"போதும், உக்காரு" என்றார் ஜெரோம் மெதுவாக.

"இருங்க" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்."